உடைந்த டிஎன்ஏவோடு ஒரு செல் ஏன் காத்திருக்கிறது?

கேள்வி இதுதான்: “ஒரு செல் எப்போது பிரிய வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது? டிஎன்ஏ பழுதானால் செல்லுக்கு அது எப்படித் தெரியவருகிறது? கதிர்வீச்சு டிஎன்ஏவை உடைக்கும் என்றால், அதே கதிர்வீச்சை வைத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருவது எப்படி? அதையும் ஒரே நாளில் முடிக்காமல் ஏன் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார்கள்?”

நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். செல்லுக்குப் பிரியத் தெரிந்தால் மட்டும் போதாது, நிற்கவும் தெரிய வேண்டும். நிற்பது என்றால் ஓய்ந்துபோய்க் கிடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். நிற்பதற்கென்றே தனி மரபணுக்கள், தனிப் புரதங்கள் செல்லில் இருக்கின்றன. அவை செய்யும் வேலை புரிந்துவிட்டால் மற்ற மூன்று கேள்விகளும் தாமாகவே அவிழ்ந்துவிடும். அதனால் கொஞ்சம் ஆற அமரவே சொல்கிறேன்.

முதலில் வேலையின் அளவைப் பாருங்கள். ஒரு மனித செல்லின் உட்கருவில் 46 குரோமோசோம்கள். அவற்றில் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் சுமார் 2 மீட்டர் வரும். அதில் 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்து இணைகள். இத்தனையும் சுருண்டு கிடக்கும் உட்கருவோ, ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டினால் அதில் ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும். பிரிவதற்கு முன் செல் இந்த 2 மீட்டரையும் ஒரே ஒரு முறை, விடாமல், திரும்ப எடுக்காமல் பிரதி எடுக்க வேண்டும். பிறகு இரு மகள் செல்களுக்கும் சரிசமமாகப் பங்கு வைக்க வேண்டும்.

ஆய்வகத்தில் வளரும் மனித செல் ஒன்றுக்கு இந்தச் சுற்று முழுவதும் முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். முதலில் வளர்ச்சிக் கட்டம், அதை ஜி1 என்பார்கள். அப்புறம் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் எஸ் கட்டம், சுமார் 8 மணி நேரம். அடுத்து சரிபார்த்துத் தயாராகும் ஜி2. கடைசியில் குரோமோசோம்கள் பிரிந்து செல்லே இரண்டாகும் எம் கட்டம். பாடப் புத்தகத்தில் படமாகப் போடுவது எல்லாம் இந்த எம் கட்டத்தைத்தான், ஆனால் அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான முடிவுகள் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

அந்த முடிவுகளை எடுப்பது எது? 1970இல் பொட்டு ராவ், ராபர்ட் ஜான்சன் இருவரும் செய்த சோதனையை எனக்கு எத்தனை முறை சொன்னாலும் சலிப்பதில்லை. வெவ்வேறு கட்டங்களில் இருக்கும் இரண்டு செல்களை ஒட்டி ஒரே செல்லாக்கினார்கள். ஒரே கூட்டுக்குள் இப்போது இரண்டு உட்கருக்கள். எஸ் கட்டத்தில் இருக்கும் செல்லை ஜி1 செல்லோடு சேர்த்தபோது, ஜி1 உட்கரு தன் நேரம் வரும் முன்பே பிரதி எடுக்கத் தொடங்கிவிட்டது. எஸ் செல்லை ஜி2 செல்லோடு சேர்த்தபோது, ஜி2 உட்கரு மறுபடி பிரதி எடுக்கவில்லை, மற்றது முடிக்கும்வரை காத்திருந்தது. பிரிந்துகொண்டிருக்கும் எம் செல்லோடு எதைச் சேர்த்தாலும், சேர்ந்த உட்கருவின் குரோமோசோம்கள் தயாரோ இல்லையோ சுருண்டுகொண்டன. ஆக, கட்டளை உட்கருவைச் சுற்றியுள்ள திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது, அது பக்கத்து உட்கருவையும் ஆட்டிவைக்கிறது என்பது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: ஒரு முறை பிரதி எடுத்த டிஎன்ஏ, அதே சுற்றில் மறுமுறை எடுக்கப்படாதபடி எங்கோ பூட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கட்டளை என்ன பொருள் என்பதை மூன்று பேர் மூன்று பக்கமிருந்து நெருங்கினார்கள். லேலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டு, சுழற்சியின் ஏதாவது ஓர் இடத்தில் சிக்கி நின்றுவிடும் வகைகளாகத் தேடிச் சேர்த்தார். பால் நர்ஸ் வேறொரு ஈஸ்ட்டில், உரிய அளவு வளரும் முன்பே பிரிந்துவிடும் குட்டிச் செல்களைக் கண்டார். எடின்பரோவில் செய்த வேலை அது, ஆகவே சின்னது என்பதற்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் ‘வீ’ என்ற சொல்லையே அந்த மரபணுவுக்குப் பெயராக வைத்தார். வீ1 பழுதானால் செல் பொறுமையின்றிப் பிரிந்துவிடுகிறது என்றால், வீ1 ஒரு பிரேக் என்றுதானே பொருள்? 1982 கோடையில் டிம் ஹன்ட், வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் கடல் முள்ளெலி முட்டைகளில் எந்தெந்தப் புரதங்கள் புதிதாக உருவாகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். கருவுற்ற முட்டைகளிலிருந்து விட்டுவிட்டு மாதிரி எடுத்து, கதிரியக்கம் ஏற்றிய புரதங்களைப் பிலிமில் கோடு கோடாகப் பதிய வைத்தார். மற்ற கோடுகள் எல்லாம் நேரம் ஆக ஆகக் கருமையாகிக்கொண்டே போயின. ஒரே ஒரு கோடு மட்டும் ஏறியது, செல் பிரியும் தறுவாயில் சட்டென மறைந்தது, மறுபடி ஏறியது, மறுபடி மறைந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் சைக்ளின். மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றையும் சேர்த்தால் எந்திரம் புலப்படும். சிடிகே என்று ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது. அது மற்றப் புரதங்கள் மேல் பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறை ஒட்டி, அவற்றை முடுக்கிவிடும் அல்லது அடக்கிவைக்கும். ஆனால் தனியாக இருந்தால் அது செயலற்றது. சைக்ளின் வந்து ஒட்டினால்தான் உயிர் பெறும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு சைக்ளின் உண்டு. வேலை முடிந்ததும் செல் அந்தச் சைக்ளினை அழிப்பதற்கான அடையாளம் குத்தி, துண்டு துண்டாக அரைத்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இந்த அரைப்புதான். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடலாம், அரைத்த புரதத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் சுழற்சி முன்னோக்கி மட்டுமே போகிறது. பிரிவின் நடுவில் “சரி, திரும்பிவிடலாம்” என்று செல்லால் நினைக்க முடியாது. திரும்ப வழியில்லாத பயணத்தில், ஒவ்வொரு கதவையும் திறக்கும் முன் நின்று பார்ப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு ஏது?

முதல் கதவு ஜி1இன் கடைசியில் இருக்கிறது. உடலில் உள்ள செல் தன் இஷ்டத்துக்கு இந்தக் கதவைத் திறப்பதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களிடமிருந்து வளர்ச்சிச் சமிக்ஞை வர வேண்டும், ஊட்டம் இருக்க வேண்டும், போதிய பருமன் சேர்ந்திருக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் ஆர்பி என்னும் புரதம். பிரதி எடுக்கத் தேவையான மரபணுக்களை அது அமுக்கிப் பிடித்திருக்கும். சமிக்ஞைகள் சேரச் சேர சிடிகே அதன் மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பிடி விடும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து வந்த சமிக்ஞையை நிறுத்தினாலும் செல் நிற்காது, சுற்றை முடித்தே தீரும். குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயை ஆராயும்போது கிடைத்ததால்தான் இந்தத் தாழ்ப்பாளுக்கு ஆர்பி என்று பெயர். அதன் மரபணுவின் இரு பிரதிகளும் கெட்டுப்போன செல்லில் தாழ்ப்பாளே இல்லை. நம் நரம்பு செல்கள் பெரும்பாலும் இந்தக் கதவுக்கு வெளியிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவை. கல்லீரல் செல்கள் சாதாரணமாக வெளியே நிற்கும், ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் உள்ளே வந்து பிரியும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். டிஎன்ஏ பழுதாவது எப்போதோ வெயிலிலோ எக்ஸ்ரே அறையிலோ மட்டும் நடக்கும் அசம்பாவிதம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிஎன்ஏ இருப்பது தண்ணீரில், உடல் வெப்பத்தில். அந்த இரண்டுமே போதும், அது தானாகச் சிதைய. ஒரு செல்லில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 எழுத்துகள் வெறுமனே கழன்று விழுகின்றன என்று தாமஸ் லிண்டால் கணக்கிட்டார். இதுபோக, மூச்சின் துணைவிளைவாக வரும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் எழுத்துகளை உருமாற்றும். வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இவ்வளவையும் தாண்டி நாம் உயிரோடு இருக்கிறோம் என்றால், ஓயாமல் பழுதுபார்க்கும் படை ஒன்று இருந்தாக வேண்டும் என்று லிண்டால் தேடத் தொடங்கி, கண்டும் பிடித்தார். பால் மாட்ரிச், அசிஸ் சன்ஜார் ஆகியோருடன் அவருக்கு 2015இல் வேதியியல் நோபல் கிடைத்தது அதற்காகத்தான்.

இந்தச் சில்லறைப் பழுதுகளுக்காகச் செல் சுழற்சியை நிறுத்துவதில்லை. டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள் இருப்பதே பெரிய வசதி. ஓர் இழையில் எழுத்து விழுந்துவிட்டால் எதிர் இழையைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் வேலை அது.

இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் கதை வேறு. பார்த்து நிரப்ப எதிர் இழை இல்லை, குரோமோசோமே இரண்டு துண்டு. அந்த நிலையில் செல் பிரிந்தால், இழைகள் பிடித்து இழுக்கும் இடமான சென்ட்ரோமியர் இல்லாத துண்டு எந்தப் பக்கமும் இழுக்கப்படாமல் தொலையும், அதிலிருக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களோடு சேர்த்து. ஆகவே ஒரே ஒரு இரட்டை முறிவைக்கூடச் செல் அலட்சியம் செய்வதில்லை. முறிந்த நுனிகளை முதலில் பிடித்துக்கொள்வது மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டு. அது ஏடிஎம் என்ற பெரிய நொதியை எழுப்புகிறது. ஏடிஎம், டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் உருளைகளில் எச்2ஏஎக்ஸ் என்னும் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டத் தொடங்குகிறது. முறிந்த இடத்தில் மட்டும் இல்லை, இருபுறமும் லட்சக்கணக்கான எழுத்துகள் தூரத்துக்கு ஒட்டிக்கொண்டே போகிறது. கதிர் பட்ட சில நிமிடங்களில் செல்லை நிலைப்படுத்தி, இந்தப் பாஸ்பேட்டை மட்டும் கண்டு ஒளிரும் சாயத்தை ஊற்றிப் பார்த்தால், கருமையான உட்கருவுக்குள் பளிச்சென்ற புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு முறிவு. சில மணி நேரம் விட்டுவிட்டு இன்னொரு தட்டைப் பார்த்தால் புள்ளிகள் குறைந்திருக்கும். முறிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, ஆனால் அதைச் சுற்றி எழும் கூக்குரலைக் கண்ணால் எண்ணிவிடலாம்.

ஏடிஎம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. நடை தள்ளாடும், நோயெதிர்ப்பு குன்றும், இரத்தப் புற்றுநோய்கள் வரும், கதிர்வீச்சைத் தாங்கவே முடியாது. அந்த மரபணு 1995இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏடிஎம்முக்கு ஏடிஆர் என்று ஓர் உடன்பிறப்பும் உண்டு. அது பிரதி எடுக்கும்போது திணறி நிற்கும் இடங்களைக் கவனித்துக்கொள்கிறது. இரண்டும் தூதர்களை அனுப்பி, சிடிகேயை முடுக்கிவிடும் நொதியை முடக்குகின்றன. நர்ஸ் கண்ட அந்த வீ1 பிரேக் அப்படியே அழுத்தப்பட்டபடி இருக்கும். சுழற்சி நிற்கிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். செல் நிற்பது முடிவெடுத்தா, அல்லது அடிபட்டு நகர முடியாமலா? கால் உடைந்தவர் ஓடவில்லை என்றால் அதை யாரும் எச்சரிக்கை உணர்வு என்று சொல்ல மாட்டார்கள். பல காலம் விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அதை மாற்றியது டெட் வைனெர்ட், ஹார்ட்வெல் இருவரும் 1988இல் வெளியிட்ட வேலை. என் பார்வையில் இந்தத் துறையிலேயே மிக அழகான சோதனை அதுதான்.

ஈஸ்ட்டுக்கு எக்ஸ்ரே கொடுத்தால் அது ஜி2இல் நின்றுவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால், தாய்ச் செல்லும் அதிலிருந்து முளைத்து அதே அளவுக்கு வளர்ந்த மொட்டும் ஒட்டியபடி, இரண்டு உருண்டைகளாக அசையாமல் இருக்கும். சில மணி நேரம் கழித்து பிரியும், பிழைக்கும். கதிரைத் தாங்காத ஈஸ்ட் வகைகளில் ஒன்று, ராட்9 என்ற மரபணு இல்லாதது. அது நிற்கவே இல்லை. உடைந்த குரோமோசோம்களோடு பிரிந்தது, மறுபடி பிரிந்தது, சில செல்கள் கொண்ட சிறு திட்டாகி அங்கேயே செத்தது. அப்படியானால் ராட்9 பழுதுபார்க்கும் கருவியா? அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் செய்தது எளிமையான ஒன்று. கதிர் கொடுத்த ராட்9 இல்லாத செல்களை, குரோமோசோமை இழுக்கும் இழைகளைக் குலைக்கும் மருந்து ஒன்றில் சில மணி நேரம் ஊற வைத்தார்கள். மருந்து இருக்கும்வரை செல்லால் பிரிய முடியாது. பிறகு மருந்தைக் கழுவிவிட்டார்கள். அந்தச் செல்களில் ஏராளமானவை பிழைத்துக்கொண்டன.

பழுதுபார்க்கும் கருவிகள் எல்லாம் அந்தச் செல்லுக்குள் நல்ல நிலையில்தான் இருந்திருக்கின்றன. இல்லாமல் போனது அவகாசம் ஒன்றுதான். வெளியிலிருந்து யாரோ கையைப் பிடித்து நிறுத்தியதும் அது தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பதை ஈஸ்ட் செல்லில் கண்ணால் பார்க்கலாம் என்று இதைப் படித்த நாளில் தோன்றியது, இன்றும் அப்படியே தோன்றுகிறது. சேதம் செல்லைக் கொன்றுவிடவில்லை, சேதத்தோடு பிரிந்ததுதான் கொன்றது. இப்படி நிறுத்திச் சரிபார்க்கும் இடங்களுக்கு அவர்கள் சோதனைச்சாவடி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், அது நிலைத்துவிட்டது.

நம் செல்களில் இந்தச் சாவடிகளின் நடுநாயகம் பி53 என்ற புரதம். 1979இல் கண்டபோது அதைப் புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்று நினைத்தார்கள். காரணம், ஆய்வகங்களில் கைமாறிய மரபணுப் பிரதிகள் ஏற்கெனவே கெட்டுப்போனவை. 1989 வாக்கில்தான் விஷயம் தலைகீழ் என்று புரிந்தது. அது புற்றுநோயைத் தடுக்கும் புரதம், கட்டிகளில் இருந்தது அதன் சிதைந்த வடிவம். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53 மரபணு கெட்டிருக்கிறது.

பி53 செயல்படும் விதம் கவனிக்கத் தக்கது. சாதாரண நாட்களில் செல் அதை உருவாக்கிக்கொண்டே இருக்கும், உருவான வேகத்தில் அழித்துக்கொண்டும் இருக்கும். எம்டிஎம்2 என்ற புரதம் அதைப் பிடித்து அரைப்புக்கு அனுப்பிவிடும், சுமார் 20 நிமிடங்களில் பாதி காணாமல் போகும். வீண் செலவு போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் ஆபத்து வரும்போது புதிதாகச் செய்யத் தொடங்க நேரம் இருக்காது. அழிப்பதை நிறுத்தினால் போதும், அளவு உடனே ஏறிவிடும். ஏடிஎம் அதைத்தான் செய்கிறது, பி53ஐ எம்டிஎம்2வின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. பெருகிய பி53, பி21 என்ற இன்னொரு புரதத்தைச் செய்யவைக்கிறது. பி21 போய்ச் சிடிகேயின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஜி1 கதவு மூடியபடியே இருக்கும்.

பி53 தூண்டும் மரபணுக்களில் எம்டிஎம்2வும் ஒன்று. தன்னைக் கொல்வதைத் தானே உருவாக்குகிறது. இதன் விளைவை 2004இல் கலித் லஹாவும் உடன் வேலை செய்தவர்களும் ஒற்றைச் செல்களில் படம் பிடித்தார்கள். பி53ஐ ஒளிரும்படி செய்து, கதிர் கொடுத்து, ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்ந்தார்கள். ஒளி ஏறியது, இறங்கியது, 5 முதல் 6 மணி நேரம் கழித்து மறுபடி ஏறியது. சேதம் அதிகமானால் அலையின் உயரம் கூடவில்லை, அலைகளின் எண்ணிக்கைதான் கூடியது. செல் சிறிது நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, “இன்னும் முறிவு இருக்கிறதா?” என்று கேட்டுக்கொள்வது போல இருக்கிறது அது. பின்னால் இன்னொன்றும் தெரியவந்தது. அலை அலையாக வந்த பி53ஐ மருந்து கொடுத்துத் தொடர்ச்சியாக உயர்த்திப் பிடித்தால், செல் மீண்டு வராமல் நிரந்தரமாகப் பிரிவதை விட்டுவிடுகிறது. எவ்வளவு என்பதோடு எந்தத் தாளத்தில் என்பதும் செல்லுக்குச் செய்திதான்.

காத்திருந்தும் சரியாகவில்லை என்றால் இரண்டு வழிகள். நிரந்தரமாக ஓய்வது, அல்லது தன்னைத் தானே முடித்துக்கொள்வது. எது என்பது திசுவைப் பொறுத்தது. நோயெதிர்ப்பு செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் உள்ள செல்கள் சிறிது கதிருக்கே சாவைத் தேர்ந்துவிடும், தோலுக்கு அடியில் நார் நெய்யும் செல்கள் பெரும்பாலும் நின்றுவிடும். வேகமாகப் பெருகும் செல்லில் ஒரு தவறு நுழைந்தால் அது லட்சமாகும் என்பதால் இந்தக் கண்டிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். யானைக்கு மனிதனைவிடப் பல மடங்கு செல்கள், ஆனாலும் புற்றுநோய் அரிது. அதன் மரபணுத் தொகுதியில் பி53க்கு 20 பிரதிகள் இருப்பது 2015இல் தெரியவந்தது. அவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பிரதிகள். யானைச் செல்கள் டிஎன்ஏ சேதத்துக்கு நம் செல்களைவிடச் சுலபமாகச் சாகின்றன. பி53இன் ஒரு பிரதி கெட்டே பிறக்கும் மனிதர்களுக்கோ இளம் வயதிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

எம் கட்டத்துக்கும் தனிச் சாவடி உண்டு, அதையும் ஒரு வரியாவது சொல்லாமல் போக மனமில்லை. பிரதி எடுத்தபின் ஜோடி ஜோடியாக இருக்கும் 46 குரோமோசோம்களில் ஒன்றே ஒன்று, அவற்றை இழுக்கும் கதிர்கோல் இழையில் மாட்டாமல் இருந்தாலும் மொத்தப் பிரிவும் காத்திருக்கும். 1995இல் கான்லி ரீடர் குழுவினர், மாட்டாமல் கிடந்த கடைசிக் குரோமோசோமின் பிடிப்பிடத்தை லேசரால் சுட்டு அழித்தார்கள். ஆட்சேபம் சொன்ன குரல் போய்விட்டது, சில நிமிடங்களில் செல் பிரியத் தொடங்கிவிட்டது. தடுத்துக்கொண்டிருந்தது அந்த ஒற்றை இடம்தான்.

காத்திருக்கும் நேரத்தில் முறிவு எப்படி அடைக்கப்படுகிறது என்பதும் சுழற்சியோடு பிணைந்ததே. ஜி1இல் இருக்கும் செல் முறிந்த இரு நுனிகளையும் நேரடியாக ஒட்டிவிடும். வேகமான வழி, ஆனால் ஓரிரு எழுத்துகள் தொலையலாம். எஸ் முடிந்து ஜி2க்கு வந்த செல்லிடம் அதே குரோமோசோமின் புதிய பிரதி பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளலாம். எந்த வழி என்று சொல்வது சிடிகேதான். அதன் செயல் உயர்ந்திருந்தால் நுனிகளைச் சீவிவிட்டுப் பிரதியைத் தேடப் போகும். பிரிவை நடத்தும் அதே நொதி, எப்படிப் பழுதுபார்ப்பது என்பதையும் தீர்மானிக்கிறது. இந்தப் பிசகாத வழிக்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் தேவை. மார்பக, சூலகப் புற்றுநோய்கள் குடும்பத்தில் தொடர்ந்து வருவதற்குக் காரணமாக இவை கெட்டிருப்பதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அத்தகைய கட்டிச் செல்களிடம் மிச்சமிருக்கும் இன்னொரு பழுதுபார்ப்பு வழியை மருந்தால் அடைத்தால் அவை திணறிச் செத்துவிடும், மற்ற செல்கள் சமாளித்துக்கொள்ளும். இதை 2005இல் இரண்டு குழுக்கள் காட்டின. அதிலிருந்து வந்த ஒலாபாரிப் மருந்துக்கு 2014இல் ஒப்புதல் கிடைத்தது.

சரி, கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருகிறேன். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிரே ஒரு செல்லில் ஏறத்தாழ 20 முதல் 40 இரட்டை முறிவுகளை உண்டாக்கும். முறிவு விழுவதில் நல்ல செல், கெட்ட செல் என்ற பேதமில்லை. பேதம் அதற்குப் பின் நடப்பதில் இருக்கிறது. புற்றுநோய்ச் செல் அந்த நிலையை அடைந்ததே சாவடிகள் சிலவற்றை உடைத்துக்கொண்டுதான். ஜி1 கதவு பெரும்பாலும் போயிருக்கும், ஜி2 மட்டும் அரைகுறையாக இருக்கும். அது அவசரமாகப் பெருக உதவிய அதே குறை, கதிர் பட்ட பிறகு ராட்9 இல்லாத ஈஸ்ட்டின் கதிக்கு அதைக் கொண்டுபோகிறது. எல்லாக் கட்டிகளும் இப்படியே என்று சொல்லிவிட முடியாது. சில நிணநீர்ப் புற்றுநோய்களில் பி53 நன்றாக இருந்து, கதிர் பட்டதும் செல்கள் தாமே முடித்துக்கொள்வதால் கட்டி விரைவில் கரைவதும் உண்டு. ஆனால் பெரும்பாலான திண்மக் கட்டிகளில் செல் சாவது கதிர் பட்ட அன்று இல்லை. உடைந்த குரோமோசோம்களோடு ஒரு முறை, இரு முறை பிரிய முயலும்போதுதான்.

ஏன் வாரக்கணக்கில் என்ற கடைசிக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒரே அளவு கதிரை ஒரே மூச்சில் கொடுப்பதைவிட, இரண்டாகப் பிரித்துச் சில மணி நேர இடைவெளி விட்டுக் கொடுத்தால் பிழைக்கும் செல்கள் அதிகம் என்று மார்டிமர் எல்கைண்ட் 1959இல் காட்டினார். இடைவெளியில் செல்கள் முறிவுகளை அடைத்துக்கொள்கின்றன. இந்த இடைவெளியால் அதிக லாபம் அடைவது, மெதுவாகப் பிரிகிற, காத்திருக்கத் தெரிந்த நல்ல திசுக்கள். கட்டிச் செல்லுக்கு அவ்வளவு லாபம் இல்லை. வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிரே அளவில் தருவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. செல் எம், ஜி2 கட்டங்களில் இருக்கும்போது கதிர் மிகவும் பாதிக்கும், எஸ் கட்டத்தின் பிற்பகுதியில் இருந்தால் தப்பிவிடும் வாய்ப்பு அதிகம். இன்று எஸ் கட்டத்தில் ஒளிந்து தப்பிய கட்டிச் செல், அடுத்தடுத்த நாட்களில் வேறு கட்டத்துக்கு வந்து மாட்டிக்கொள்ளும். வேகமாகப் பிரியும் நல்ல செல்களும் இதில் அடிபடத்தான் செய்கின்றன. கதிர் படும் இடத்தில் முடி உதிர்வதும் வாய்ப்புண் வருவதும் அதனால்தான். அங்குள்ள மூலச்செல்கள் பிழைத்திருந்தால் பெரும்பாலும் மீண்டு வந்துவிடும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால் ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை முடிந்த மறுநாள் கட்டி அப்படியே இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். முறிவுகள் விழுந்த செல்கள் அடுத்த பிரிவுக்கு முயலும்வரை உயிரோடிருப்பது போலவே தெரியும், மெதுவாகப் பிரியும் கட்டியில் அதற்குப் பல வாரங்கள் ஆகலாம். பலன் தெரிந்துகொள்வதற்கான ஸ்கேனை உடனே எடுக்காமல், சில வாரங்கள் அல்லது மாதங்கள் தள்ளி மருத்துவர் குறித்துக் கொடுப்பது அதனால்தான்.